உட்காருவதற்கு என்ன விலை?

மாதவரத்துக்கு மெட்ரோ வருகிறது. சென்னை மெட்ரோ ரயிலின் இரண்டாம் கட்டத்தில் மூன்றாம் வழித்தடமும் ஐந்தாம் வழித்தடமும் இங்கிருந்துதான் தொடங்குகின்றன. 2011-இல் மாநகராட்சியோடு இணைக்கப்பட்ட பிறகும் புறநகர் என்னும் நினைப்பிலிருந்து விடுபடாத இவ்வூருக்கு இது பெரிய மாற்றம் என்பதில் ஐயமில்லை. அந்த மாற்றத்தை எதிர்நோக்கி இங்குள்ள படித்த வட்டாரங்களில் ஒரு பேச்சு அடிபடுகிறது: "இனிமேலாவது நம் பக்கமும் உட்கார்ந்து பேச ஒரு நல்ல காப்பிக்கடை வரும்." இதில் 'நல்ல' என்னும் அடைமொழிக்கு ஒரே பொருள்தான். குளிரூட்டிய கூடம், மெத்தை நாற்காலி, கண்ணாடிச் சுவர், ஊர் ஊராகக் கிளை பரப்பிய ஒரு பெயர்.

இதற்கு மறுப்பாக இலக்கிய நண்பர்கள் ஒப்பிப்பதும் ஒரு மனப்பாடம்தான். டீக்கடை பெஞ்சு மக்களின் பல்கலைக்கழகம். அங்கே சாதியில்லை, மதமில்லை. ஒரே தினத்தந்தியின் தாள்களை நாலு பேர் பங்கிட்டுப் படிக்கும் சமத்துவம் அங்கேதான் உண்டு என்று அது விரியும். சொல்பவரில் பலர் அந்தப் பெஞ்சில் உட்கார்ந்து வருடக்கணக்காகிறது என்பது வேறு விஷயம்.

இந்த இரு குரல்களோடும் எங்களுக்கு உடன்பாடில்லை. முதலாவது விலையை மறைக்கிறது. இரண்டாவது வரலாற்றை மறைக்கிறது. இருந்தும் இரண்டில் எதன் பக்கம் நிற்பது என்ற கேள்வியிலிருந்து நழுவிவிட நாங்கள் விரும்பவில்லை. டீக்கடையின் பக்கமே நிற்கிறோம். அதற்கான காரணங்கள் நண்பர்கள் வழக்கமாகச் சொல்பவை அல்ல என்பதால்தான் இக்கட்டுரை.

1. வாக்குறுதி

தொடர்க் காப்பிக்கடைகள் நமக்கு விற்பது காப்பியை அன்று என்பதை அவையே ஒப்புக்கொள்ளும். அமெரிக்கச் சமூகவியலாளர் ரே ஓல்டன்பர்க் 1989-இல் எழுதிய நூலொன்றில், வீடும் பணியிடமும் தவிர மனிதருக்கு மூன்றாவதாக ஓரிடம் தேவை என்று வாதிட்டார். முன்பின் தெரியாதவர்கள் செலவின்றியோ சொற்பச் செலவிலோ கூடி அரட்டையடிக்கும் மதுக்கடை, முடிதிருத்தகம், காப்பிக்கடை போன்றவை அவருடைய உதாரணங்கள். ஸ்டார்பக்ஸ் நிறுவனம் இந்த 'மூன்றாம் இடம்' என்னும் கருத்தைத் தன் வணிக அடையாளமாகவே ஆக்கிக்கொண்டது. நம் நாட்டில் அதற்கு முன்பே, 1996-இல் பெங்களூர் பிரிகேட் சாலையில் முதல் கடையைத் திறந்த காப்பி டே, இளைஞர்கள் மணிக்கணக்கில் அமர்ந்து பேசும் இடம் என்பதையே தன் விளம்பரமாகக் கொண்டது. டாட்டாவோடு கூட்டுச் சேர்ந்து ஸ்டார்பக்ஸ் 2012-இல் மும்பையில் இறங்கியபோது களம் ஏற்கெனவே உழப்பட்டிருந்தது.

இந்த வாக்குறுதி என்ன ஆயிற்று? 2018 ஏப்ரலில் பிலடெல்பியா நகரின் ஸ்டார்பக்ஸ் கடையொன்றில் நண்பருக்காகக் காத்திருந்த இரு கறுப்பின இளைஞர்கள், எதுவும் வாங்காமல் உட்கார்ந்திருந்ததற்காகக் காவலர்களால் விலங்கிடப்பட்டு அழைத்துச் செல்லப்பட்டார்கள். நாடெங்கும் கண்டனம் எழுந்தது. நிறுவனம் மன்னிப்புக் கேட்டது. மே மாதம் ஒருநாள் பிற்பகல் எட்டாயிரத்துக்கும் மேற்பட்ட கடைகளை மூடி ஊழியர்களுக்கு இனப் பாகுபாடு குறித்துப் பயிற்சி கொடுத்தது. வாங்காதவரும் உட்காரலாம் என்று விதியை மாற்றியது. 2025 ஜனவரியில் அந்த விதியும் திரும்பப் பெறப்பட்டது. இனி வாங்குபவருக்கே இருக்கை, வாங்குபவருக்கே கழிப்பறை.

நிறுவனத்தைக் குறை சொல்வதற்காக இதை எழுதவில்லை. வாடகையும் பங்குதாரரும் உள்ள எந்த வணிகமும் கடைசியில் இங்கேதான் வந்து நிற்கும். ஓல்டன்பர்க் சொன்ன மூன்றாம் இடம் அப்படி வந்து நிற்கக்கூடாத ஒன்று என்பதுதான் பிரச்சினை. தொடர்க் கடையில் நாம் வாங்குவது நாற்காலியின் வாடகை. காப்பி அதற்கான ரசீது. மாதவரத்துப் பெஞ்சுக் கடையில் பத்துப் பேருக்கு மேல் தேநீர் குடிக்கும் பணம் அங்கே ஒருவருடைய ஒரு கோப்பைக்கு ஆகிறது. வாசலில் பலகை எதுவும் இல்லை, யாரும் யாரையும் தடுப்பதில்லை என்பது உண்மை. விலைப்பட்டியலே அந்த வேலையைப் பார்த்துக்கொள்கிறது.

இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். காப்பி டே நிறுவனர் வி.ஜி. சித்தார்த்தா 2019 ஜூலையில் மறைந்த காலத்தில் அதற்கு ஆயிரத்து எழுநூறுக்கும் மேற்பட்ட கடைகள் இருந்தன. கடன் சுமையாலும் பெருந்தொற்றாலும் சில ஆண்டுகளில் அந்த எண்ணிக்கை ஐந்நூறுக்கும் கீழே போயிற்று. மூடப்பட்ட ஒவ்வொரு கடையும் ஏதோ ஓர் ஊரின் 'மூன்றாம் இட'மாகத் தன்னைச் சொல்லிக்கொண்டதுதான். அதை மூடுவதா வைப்பதா என்று தீர்மானித்த அறையில் அவ்வூர்க்காரர் ஒருவரும் இல்லை.

2. பெஞ்சின் வரலாறு

இனி நம் பக்கத்துக் கதைக்கு வருவோம். டீக்கடை சாதியற்ற வெளி என்பது வசதியான பொய். தமிழகத்தின் எத்தனையோ கிராமங்களில் தலித்துகளுக்குத் தனிக் குவளை வைத்தது இதே டீக்கடைதான். இரட்டைக் குவளைக்கு எதிரான போராட்டங்கள் நம் காலத்திலும் நடந்திருக்கின்றன. நகரத்துக் காப்பி ஓட்டல்களோ தொடக்கத்திலிருந்தே பலகை மாட்டிக்கொண்டவை. காப்பி எப்படித் தமிழ் நடுத்தர வர்க்கத்தின், குறிப்பாகப் பார்ப்பனர்களின், பண்பாட்டு அடையாளமாயிற்று, தேநீர் எப்படி உழைப்பவரின் பானமாக ஒதுக்கப்பட்டது என்பதை ஆ. இரா. வேங்கடாசலபதி 'அந்தக் காலத்தில் காப்பி இல்லை' நூலில் (2000) எழுதியிருக்கிறார். 1957 மே மாதம் திருவல்லிக்கேணி முரளி கபேயின் பெயர்ப்பலகையிலிருந்த 'பிராமணாள்' என்னும் சொல்லை நீக்கக் கோரிப் பெரியாரின் இயக்கம் மறியலைத் தொடங்கியது. அது மாதக்கணக்கில் நீடித்தது, நூற்றுக்கணக்கானோர் கைதானார்கள். விடுதலை பெற்றுப் பத்தாண்டுகள் கழித்து, தலைநகரில், ஒரு சொல்லை இறக்குவதற்கு இத்தனை பேர் சிறை செல்ல வேண்டியிருந்தது.

வடசென்னைக்கு விதிவிலக்கு கேட்பவர்களும் உண்டு. ஆலைகளும் துறைமுகமும் இங்கே சாதியைக் கரைத்துவிட்டன என்பது அவர்கள் வாதம். பெரம்பூரில் கடை வைத்திருந்த செல்வபதி செட்டியாரின் முயற்சியில் தொழிலாளர்கள் ஒன்றுகூடியதும், அது 1918 ஏப்ரலில் பி.பி. வாடியாவின் தலைமையில், திரு.வி.க. போன்றோரின் துணையோடு சென்னைத் தொழிலாளர் சங்கமாக மலர்ந்ததும் பெருமைக்குரிய வரலாறு. ஒரு கடை ஒரு சங்கத்துக்கு நாற்றங்காலாகலாம் என்பதற்கு இதைவிட நல்ல சான்று வேண்டியதில்லை. ஆனால் மூன்றே ஆண்டுகளில், 1921-இல், பின்னி ஆலை வேலைநிறுத்தத்தின்போது அதே தொழிலாளர்கள் சாதி இந்துக்களாகவும் ஆதிதிராவிடர்களாகவும் பிளந்து புளியந்தோப்பில் மோதிக்கொண்டார்கள். ஒன்றாகத் தேநீர் குடிப்பது ஒன்றாக நிற்பதற்கு உத்தரவாதம் அன்று.

கிளாசிலுள்ள தேநீரும் களங்கமற்றது அன்று. 1930-களின் பொருளாதார மந்தத்தில் தேங்கிய தேயிலையைத் தள்ளிவிடத் தோட்ட முதலாளிகள் தம் விளம்பர வாரியத்தின் வழியே இந்தியாவின் ஊர்களிலும் ஆலைகளிலும் பழக்கிவிட்ட பானம் அது. அந்த இலையைக் கிள்ளிய கைகளில் கணிசமானவை, வால்பாறையிலும் நீலகிரியிலும் இலங்கை மலையகத்திலும், தமிழ்க் கைகள். பி.எச். டேனியலின் 'ரெட் டீ' நாவலை இரா. முருகவேளின் மொழிபெயர்ப்பில் 'எரியும் பனிக்கா'டாகப் படித்தவர்களுக்கு அந்த விலை நினைவிருக்கும்.

எல்லாவற்றுக்கும் மேலாக ஒன்று: டீக்கடை பெஞ்சு ஆண்களின் பெஞ்சு. ஆவின் பண்ணையிலும் கால்நடைப் பல்கலைக்கழகத்திலும் வேலை செய்யும் பெண்கள், படிக்கும் பெண்கள், காலையில் தெருக்கூட்டும் தூய்மைப் பணியாளர்கள் ஆகியோரில் எத்தனை பேர் மூலக்கடையில் ஒரு கிளாசோடு அரைமணி நேரம் உட்கார்ந்து பேசமுடியும்? அவர்கள் வாங்கிக்கொண்டு ஓரமாக நின்று குடித்துவிட்டுப் போகிறார்கள்; அல்லது தூக்குவாளியில் வாங்கிச் செல்கிறார்கள். தொடர்க் கடையில் ஓர் இளம்பெண் தனியே இரண்டு மணி நேரம் புத்தகம் படிக்கமுடிகிறது என்றால் அது அற்பமான விஷயமில்லை. மக்கள் பல்கலைக்கழகம் பற்றிய புகழுரைகளை எழுதும் ஆண்கள் இதற்குப் பதில் சொல்லியாக வேண்டும். ஐரோப்பியக் காப்பிக்கடைகளைப் பொதுவெளியின் தொட்டிலாகக் காட்டிய ஹேபர்மாஸிடம் நான்சி பிரேசர் போன்ற பெண்ணியர் கேட்டதும் ஏறத்தாழ இதே கேள்விதான்.

3. பிறகு ஏன் டீக்கடை?

இத்தனையும் சொன்ன பிறகு டீக்கடையின் பக்கம் நிற்பது முரண் என்று தோன்றலாம். எங்கள் காரணம் எளிது. டீக்கடையின் குறைகளோடு ஊர்க்காரர் சண்டையிடமுடியும். தொடர்க் கடையின் குறையோடு சண்டையிட அவருக்கு வழியில்லை. வாங்காமல் போகலாம், அவ்வளவுதான். முரளி கபேயின் பலகை இறங்கியது சந்தையின் கருணையால் அன்று. கடை ஒரு தெருவில் இருந்தது, உரிமையாளர் கல்லாவில் இருந்தார், எதிரே மக்கள் நின்றார்கள். பலகை விலைப்பட்டியலாக மாறிவிட்ட இடத்தில் மறியல் செய்வது யார், யாரை எதிர்த்து?

மாதவரம் எப்படிப்பட்ட ஊர் என்பதையும் இங்கே நினைக்க வேண்டும். 1960-களிலிருந்து சென்னையின் பால் இங்குள்ள பண்ணையிலிருந்து போகிறது. ஜி.என்.டி. சாலையின் இருமருங்கிலும் கிடங்குகள், லாரி நிறுத்தங்கள், துறைமுகத்துக்குப் போகும் கண்டெய்னர்கள். 2018 முதல் ஆந்திரப் பேருந்துகள் இங்குள்ள நிலையத்திலிருந்து கிளம்புகின்றன. கிழக்கே மணலியின் சுத்திகரிப்பு ஆலை, அதற்கப்பால் திருவொற்றியூர், எண்ணூர். இந்த வட்டாரத்தின் நாள், அலுவலக நேரத்தில் தொடங்கி அலுவலக நேரத்தில் முடிவதில்லை. விடியுமுன்னே பால் வண்டியும் லாரியும் ஷிப்டு மாறும் தொழிலாளியும் தெருவிலிருப்பார்கள். அவர்களுக்கு முன்பே எழுந்து பாய்லரைப் பற்றவைத்துப் பாலைக் காய்ச்சி டிகாக்‌ஷனை இறக்கி வைத்திருப்பவர் டீ மாஸ்டர். "அண்ணே, லைட்டா ஒண்ணு, சக்கரை கம்மி" என்று கேட்பவர் லாரி ஓட்டுநராக இருக்கலாம், ஒடிசாவிலிருந்தோ பீகாரிலிருந்தோ வந்து கிடங்கில் மூட்டை தூக்குபவராக இருக்கலாம். அவர் கேட்டபடி ஆற்றிக் கொடுக்கப்படுகிறது. காசு இல்லாத நாளில் நோட்டில் எழுதப்படுகிறது. வாங்கி முடித்துவிட்டீர்களா என்று யாரும் கேட்பதில்லை.

இதைக் கருணை என்று நாங்கள் சொல்லவில்லை. இது ஒரு பொருளாதாரம். கடன் நோட்டு நம்பிக்கையில் ஓடுகிறது. நம்பிக்கை தினமும் முகம் பார்ப்பதில் ஓடுகிறது. கண்ணாடிப் பெட்டியிலுள்ள மசால் வடை பெரும்பாலும் பக்கத்துத் தெருவின் ஏதோவொரு வீட்டு அடுப்பிலிருந்து வருவது. பால் இவ்வூர்ப் பால். கல்லாவில் சேரும் பணத்தின் பெரும்பகுதி இரண்டு மூன்று தெருக்களுக்குள்ளேயே சுற்றிவருகிறது. தொடர்க் கடையும் குடகுக் காப்பிக்கொட்டையையே வாங்குகிறது, உள்ளூர்ப் பிள்ளைகளுக்கே வேலை கொடுக்கிறது என்பார்கள். உண்மைதான். ஆனால் உரிமத்தொகையும் இலாபமும் எந்த ஊருக்குப் போகின்றன, அந்தப் பிள்ளை என்றாவது அக்கடைக்கு முதலாளியாக முடியுமா என்று கேட்டால் பேச்சு நின்றுவிடும். கிளாஸ் கழுவ வந்து மாஸ்டராகி, பிறகு தனிக்கடை போட்டவர்கள் இவ்வட்டாரத்தில் அபூர்வமானவர்கள் அல்லர்.

இவ்வட்டாரத்தில் கூடிப் பேசுவது பொழுதுபோக்கும் அன்று. 2023 டிசம்பரில், மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணெய் கலந்து எண்ணூர் முகத்துவாரத்தில் மீனவர்களின் படகுகளையும் வலைகளையும் கறுப்பாக்கியது. அதே மாதம் 26-ஆம் நாள் இரவு எண்ணூரில் உரத் தொழிற்சாலையின் கடலடிக் குழாயிலிருந்து அம்மோனியா கசிந்து, பெரியகுப்பம் மக்கள் மூச்சுத் திணறி வீட்டை விட்டு ஓடினார்கள். இத்தகைய ஊர்களில் செய்தி முதலில் கைமாறுவதும், நாளை என்ன செய்வது என்று தீர்மானிப்பதும் காசு கேட்காத ஏதோ ஓரிடத்தில்தான் நடந்தாக வேண்டும். மணிக்கணக்கில் உட்கார வாடகை கேட்கும் கடையில் அந்தப் பேச்சு நடக்காது. இங்கிலாந்தின் இரண்டாம் சார்லஸ் 1675-இல் காப்பிக்கடைகளை மூடச்சொல்லி ஆணையிட்டு, எதிர்ப்பு கண்டு சில நாட்களிலேயே பின்வாங்கினான் என்பது பலரும் சொல்லிச் சலித்த கதை. இன்று எந்த அரசும் அப்படி ஆணையிட வேண்டிய தேவையில்லை. சதுர அடி வாடகையை ஏற்றினால் போதும்.

4. மெட்ரோ வருவதற்குள்

இதனால்தான் இது ருசி பற்றிய விவாதம் இல்லை என்கிறோம். "அவரவர் விருப்பம், பிடித்த கடைக்குப் போங்கள்" என்பவர்கள், இரண்டு கடைகளும் எப்போதும் அருகருகே இருக்கும் என்று எண்ணிக்கொள்கிறார்கள். நிலையம் வந்தால் நிலமதிப்பு ஏறும், வாடகை ஏறும், 'அழகுபடுத்தல்' என்ற பெயரில் நடைபாதைக் கடைகள் அகற்றப்படும். நிலையத்தின் உள்ளே இருக்கும் வணிக இடங்கள் ஒப்பந்தப்புள்ளியில் அதிகம் கேட்பவருக்குப் போகும். பிறகு தேர்ந்தெடுக்க ஒரு கடைதான் மிஞ்சும். மத்திய சென்னையின் இலக்கியவாதிகள் 2008-இல் மூடப்பட்ட டிரைவ்-இன் உட்லண்ட்ஸ் பற்றி இன்றும் நினைவஞ்சலி எழுதுகிறார்கள். 1962 முதல் இயங்கிய அந்த இடம் இப்போது செம்மொழிப் பூங்கா. நினைவஞ்சலி எழுதும் திறமையில் தமிழ் எழுத்தாளரை விஞ்ச ஆளில்லை. கடை இருக்கும்போது அதற்காக ஒரு மனு எழுதுவதில் அந்தத் திறமையைக் காணோம்.

நாங்கள் கேட்பவை இவை. தெரு வியாபாரிகளைப் பாதுகாக்கும் 2014-ஆம் ஆண்டுச் சட்டம் விற்பனைக் குழுவையும் விற்பனை மண்டலங்களையும் பற்றிப் பேசுகிறது; மாதவரம் நிலையங்களைச் சுற்றி அந்த மண்டலங்கள் நிலையம் திறக்குமுன் வரையறுக்கப்பட வேண்டும். நிலைய வளாகங்களில் ஒரு பகுதியை, வடசென்னையில் ஏற்கெனவே கடை நடத்துபவர்களுக்கும் மகளிர் குழுக்களுக்கும் ஏலமின்றி ஒதுக்க வேண்டும்.

இது நடக்காத காரியம் என்பவர்களுக்கு இரண்டு முன்னுதாரணங்கள். காப்பி வாரியம் 1950-களில் தன் காப்பி விடுதிகளை மூடியபோது, வேலையிழந்த ஊழியர்கள் ஏ.கே. கோபாலனின் துணையோடு கூட்டுறவுச் சங்கங்கள் அமைத்துத் தாமே நடத்தத் தொடங்கினார்கள். இந்தியன் காப்பி ஹவுஸ் கேரளத்தில் இன்றும் நடக்கிறது. 2013-இல் சென்னை மாநகராட்சி தொடங்கிய அம்மா உணவகங்கள் மகளிர் குழுக்களால் நடத்தப்படுபவை. எவரும் போகலாம், எந்தப் பெண்ணும் போகலாம். ஆனால் அங்கும் பெரும்பாலும் நின்றுகொண்டுதான் சாப்பிட வேண்டியிருக்கிறது. ஆவின் பாலகத்திலும் அப்படியே. பால் பண்ணை உள்ள ஊரில், ஆவின் பாலில், பெண்கள் நடத்தும், நாற்காலியும் கழிப்பறையும் உள்ள ஒரு கூட்டுறவுக் காப்பிக்கடை இருக்கக்கூடாது என்று எந்தச் சட்டத்தில் எழுதியிருக்கிறது?

டீக்கடைக்காரர்களிடமும் கேட்க வேண்டியது உண்டு. சாயம் கலந்த தூள் வேண்டாம். கிளாசை ஓடும் தண்ணீரில் கழுவுங்கள். ஒரு பெஞ்சையாவது பெண்கள் தயங்காமல் உட்காரும்படி உள்பக்கமாகப் போடுங்கள். அங்கே சிகரெட் புகையும் வெறித்த பார்வையும் கூடாது என்று சொல்லும் துணிவு கடைக்காரருக்கு வேண்டும். அதைவிட அதிகமாக, அந்தப் பெஞ்சில் உட்காரும் நம்மைப் போன்ற ஆண்களுக்கு வேண்டும். சுத்தம் என்னும் வாதம் தொடர்க் கடைகளின் வலுவான வாதம். அதை அவர்களிடமிருந்து பறிப்பது கடினமில்லை. குழாயும் சோப்பும் போதும். அவர்கள் பதிலுக்குத் தம் விலையை நம்மிடம் கொண்டுவந்து குறைக்கப்போவதில்லை.

வாசக நண்பர்களுக்கு ஒரு சொல். இலக்கியக் கூட்டங்களையும் நூல் அறிமுகங்களையும் தொடர்க் கடைகளின் மாடியில் நடத்தும் வழக்கம் பெருகிவருகிறது. வசதிதான். ஆனால் வடசென்னையைப் பற்றிய ஒரு நாவலை, அந்த நாவலின் மாந்தர் எவரும் நுழையத் தயங்கும் கூடத்தில் உட்கார்ந்து விவாதிப்பதில் உள்ள அபத்தம் நமக்கு உறைக்க வேண்டாமா? எங்கள் வாசிப்புக் கூடுகை இனி மாதவரத்தின் டீக்கடைகளிலும் அவற்றை ஒட்டிய திறந்தவெளிகளிலுமே நடக்கும். பெண்கள் வந்து உட்கார முடியாத கடை என்று தெரிந்தால் அன்றே கடையை மாற்றுவோம். மாற்றுமுன் கடைக்காரரிடம் காரணத்தைச் சொல்லிவிட்டு மாற்றுவோம். விற்பனை மண்டலம் பற்றிய மனு தயாராகிறது. கையெழுத்திட விரும்புவோர் வரலாம். தேநீர்ச் செலவு அவரவருடையது, உட்காருவதற்குக் காசில்லை.